குரங்கோடு நிற்காதவர்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 மணியளவில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. மடுல்கெல்லயில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் காற்றடித்தால் கரண்ட் போகும், இடி இடித்தால் போகும், சும்மாவும் போகும். பன்விலயில் இருக்கிறதா, வத்தேகமவில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கண்டியிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை என்று தெரிந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்றார் எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. நாடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு பொறியியலாளர்கள் சொன்ன கதைதான் ருசியானது.

ஞாயிறு என்பதால் அன்று மின்சாரத் தேவை குறைவு. நல்ல வெயில், ஆகவே கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு இடம் விட்டு, கனமாகச் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. அப்படிச் சுழலும் கனம்தான் ஓர் அதிர்ச்சி வரும்போது வலையமைப்பைச் சில வினாடிகளாவது தாங்கிப் பிடிக்கும். அது மெலிந்திருந்த நேரத்தில் பாணந்துறையில் உதைத்த உதை நுரைச்சோலை மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களையும் சாய்த்துவிட்டது. குரங்கு இல்லாவிட்டால் ஒரு மரக்கிளை அந்த வேலையைச் செய்திருக்கும்.

விழுந்த ஒன்றைப் பார்த்து, குரங்கோடு நிற்காமல் அதற்கு அப்பாலும் போகிறவர்களின் வேலையை ரசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டவர் எங்கள் தோட்டத்திலிருந்து படித்துப் போய்க் கண்டியில் சேர்வர் பார்க்கும் ஒரு தம்பி.

அவர் பார்ப்பது மெய்நிகராக்க சேர்வர். ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கணினிகள் குடியிருக்கும். சம்பளக் கணக்கு ஒன்றில், களஞ்சியம் ஒன்றில், மின்னஞ்சல் ஒன்றில். ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துக் காம்பரா உள்ள லயன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பராவும் தன்னைத் தனி வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மெமரியையும் புரொசசரையும் அவற்றுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். அது விழுந்தால் கூரையே விழுந்த மாதிரி, அத்தனை காம்பராவும் ஒன்றாகப் போகும்.

விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ என்ற ஹைப்பர்வைசர் விழும்போது திரை ஊதா நிறமாகிவிடும். விண்டோஸின் நீலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஊதா ஒரு தனி அச்சம். அதில் வெள்ளை எழுத்தில் பல வரிகள். மேலே விதிவிலக்கு எண் இருக்கும்: 14 என்றால் இல்லாத மெமரிப் பக்கத்தை எதுவோ தொட்டிருக்கிறது, 13 என்றால் செய்யக்கூடாததைச் செய்திருக்கிறது. எந்த புரொசசர் கோர், அப்போது எந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதும் இருக்கும். அதன் கீழே, யார் யாரை அழைத்ததால் இங்கே வந்து முட்டினோம் என்ற அழைப்பு வரிசை. நிலைகுலைந்த ஒரு நிரல் கடைசி மூச்சில் இவ்வளவு ஒழுங்காக வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

தம்பி முதலில் செய்வது போனில் அந்தத் திரையைப் படம் பிடிப்பது. அடுத்துச் செய்வது, ஒன்றும் செய்யாமல் நிற்பது. மேலதிகாரி பக்கத்தில் நின்று "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்களேன் தம்பி" என்பார். "ஒரு நிமிஷம் சேர்" என்று இவர் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருப்பார். மெமரியில் இருந்த தேவையான தடயம் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டது என்ற வரி வந்த பிறகுதான் விசையில் கை வைப்பார். அதற்கு முன் வைத்தால் சேர்வர் எழும்பிவிடும், ஆனால் ஏன் விழுந்தது என்பது போய்விடும். இந்தத் தொழிலில் கைத்திறமையைவிடக் கையை அடக்கும் திறமைதான் அரிது என்பது என் கணிப்பு.

இப்படி வாக்குமூலம் படித்தவர்கள் கண்டுபிடித்த சில காரணங்கள் துப்பறியும் கதைக்காரரின் கற்பனைக்கும் எட்டாதவை. இஎஸ்எக்ஸ்ஐ 5 வரிசையில் சில சேர்வர்கள் ஊதாவாகிக்கொண்டிருந்தன. உள்ளே ஓடும் ஒரு விண்டோஸ் கணினிக்குக் கொடுத்திருந்த இ1000 என்ற போலி நெட்வேர்க் அட்டைதான் முழுக் கூரையையும் இழுத்து விழுத்தியது. அந்த அட்டை அந்தப் பெட்டியின் இரும்பில் கிடையாது, மென்பொருள் போட்ட வேஷம். வேஷத்தை மாற்றி விஎம்எக்ஸ்நெட்3 கொடுத்ததும் அடங்கியது.

இன்னொரு வகை, நாள் பார்த்து விழுபவை. பழைய லினக்ஸ் கேர்னல்கள் சிலவற்றில் 208 நாளும் ஏறத்தாழ 12 மணிநேரமும் நிறுத்தாமல் ஓடிய சேர்வர் சாய்ந்தது. அந்தக் காலத்தை நானோ வினாடியாக்கினால் 2-இன் 54-ஆம் அடுக்கு; நேரக் கணக்கு அங்கே நிரம்பி வழிந்திருக்கிறது. 2019-இல் எச்பிஇ நிறுவனம் தன் எஸ்எஸ்டி டிஸ்க்குகள் சில 32,768 மணிநேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. அது 2-இன் 15-ஆம் அடுக்கு, 3 வருடம் 270 நாள் 8 மணிநேரம். ஒரே நாளில் வாங்கிப் பூட்டிய டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று காவலாக இருக்கும் என்று நம்பியிருந்தால், ஒரே மணிநேரத்தில் காவலும் களவு போகும். ஏஎம்டி எப்பிக் ரோம் சிப்பில் ஏறத்தாழ 1,044 நாளில் ஒரு கோர் உறைந்துவிடும் என்று 2023-இல் செய்தி வந்தது. "எத்தனை நாளா ஓடிக்கிட்டு இருந்துச்சு?" என்ற கேள்வியைத் தம்பி முதலிலேயே கேட்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2024 ஜூலை 19-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, 78 நிமிடத்தில் திருப்பி எடுக்கப்பட்டும், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலமாக்கியது. மேசைக் கணினிகளுக்கு ஒவ்வொன்றாகக் கை வைத்தார்கள். மெய்நிகர் கணினிக்கு ஓர் அழகான வழி இருந்தது: விழுந்ததன் டிஸ்க்கைக் கழற்றி, நல்லபடி ஓடும் இன்னொரு கணினியில் இரண்டாம் டிஸ்க்காகப் பூட்டி, கெட்ட கோப்பை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவது. கழற்றுவதும் பூட்டுவதும் திரையிலேயே. திருப்புளி வேண்டாம்.

கோப்புத்தான் காரணம் என்று பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஓகஸ்டில் வந்த ஆய்வறிக்கை மேலே போனது. அந்தக் கோப்பின் வார்ப்புரு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, நிரல் 20-ஐத்தான் கொடுத்தது. சோதனைகளில் இருபத்தோராவது இடத்தில் "எதுவாக இருந்தாலும் சரி" என்ற பொதுக்குறி போட்டிருந்ததால் அந்த வெற்றிடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக ஒரு கோப்பு அதை உண்மையாகவே பார்க்கச் சொன்னது.

இவ்வளவு பெரிய கதைகளைவிட எனக்குப் பிடித்தது தம்பி கண்டியில் ஓர் அலுவலகத்தில் செய்தது. சேர்வர் ஊதாவாகியிருந்தது. பெட்டியின் வன்பொருள் பதிவைத் திறந்தார். ஒரு மெமரிப் பட்டையின் மீது வாரக்கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள், எல்லாம் "திருத்தப்பட்டது" என்று. சேர்வர் மெமரி ஒரு பிட் பிழைத்தால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிழைத்தால் கண்டுகொள்ள முடியும், திருத்த முடியாது. அப்போது தவறான சம்பளக் கணக்கைப் போடுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று நின்றுவிடும்.

வேறொருவராக இருந்தால் புதுப் பட்டை வாங்கிப் பூட்டியிருப்பார். இவர் பெட்டியைத் திறந்து, சந்தேகப் பட்டையையும் நல்ல பட்டையையும் இடம் மாற்றிப் பூட்டினார். வேறு எதையும் தொடவில்லை. இரவு முழுவதும் மெமரிச் சோதனையை ஓடவிட்டார். பிழை பழைய குழியிலேயே தங்கினால் குற்றம் போர்டிலோ புரொசசரிலோ. பட்டையோடு போனால் பட்டையில். காலையில் பார்த்தால் பட்டையோடு போயிருந்தது. ஒரேயொரு இடமாற்றத்தில் இரண்டு சந்தேகங்களையும் பிரித்துவிட்டதைப் பார்த்து எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அதற்குப் பிறகும் அவர் பையைக் கட்டவில்லை. வாரக்கணக்கில் எச்சரித்த பெட்டி யாரிடம் எச்சரித்தது என்று தேடினார். எச்சரிக்கைகள் எல்லாம் வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த மின்னஞ்சல் இருந்ததும் அதே பெட்டிக்குள்தான். முகவரியை வெளியே மாற்றி, தன் போனுக்கும் ஒரு செய்தி வரும்படி வைத்துவிட்டுத்தான் காரணம் எழுதும் படிவத்தை எடுத்தார்.

அலுவலகத்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "இடி விழுந்ததுன்னு எழுதுங்களேன் தம்பி, காப்புறுதியில எடுத்துக்கலாம்."

"மூணு வாரமா மழையே இல்லையே சேர்."