பதிவேடு சொல்லாத கதை

1538-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் ஒப்பமிட வேண்டுமென விதித்தது. எழுத்தறியாத உழவர் மக்கள் சிலுவைக் குறியிட்டனர். அக்குறிக்குப் பின்னிருந்த வாழ்வை ஏடு சொல்லவில்லை. அதனைச் சொல்ல முன்வந்தவர் கவிஞர் ஜார்ஜ் கிராப் (1754–1832) ஆவார்.

லெஸ்டர்ஷியரைச் சேர்ந்த மஸ்டன் என்னும் சிற்றூரின் சபைகுருவாக விளங்கிய இவர், 1807-இல் ‘பங்குப் பதிவேடு’ என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். குரு ஒருவர் ஓராண்டின் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பதாக அமைந்த இந்நூல், பிறப்பு, மணம், இறப்பு என முப்பகுதிகளை உடையது.

மணப்பகுதியே நூலின் உயிர்நாடி எனலாம். அங்கே, பிடியாணைக்கு அஞ்சி மணமேடை ஏறும் இணையரைக் காண்கிறோம். ஊரார் போற்றிய பேரழகி ஃபீபி டாசன், தையற்காரன் ஒருவனை நம்பிக் கைப்பிடித்து, பின்னர்க் கிழிந்த ஆடையும் கையில் குழந்தையுமாய் வாடுவதையும் காண்கிறோம். அரசியலறிஞர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1806-இல் தம் இறுதி நோயின்போது கேட்டு இன்புற்றது இக்கதையே.

குறையும் உண்டு. கிராப் சில இடங்களில் கவிஞராக நில்லாது, தீர்ப்பு வழங்கும் குருவாகி விடுகிறார். பிழை செய்த பெண்ணுக்கு இரங்கும் அவர், உடனே அறிவுரையும் கூறுகிறார். ஆயினும், வறியோர் வாழ்வைப் பொய்யழகு பூசாமல் பாடிய துணிவு பாராட்டுக்குரியது. பெயரும் நாளும் வரலாற்றின் எலும்புக்கூடு. அதற்குத் தசையும் குருதியும் தருவது இலக்கியமே என்பதை மாணவர் இந்நூலால் உணர்வர்.