வேலையும் வினைமுதலும்

சொல்லின் வரையறை தெளிவின்றேல் அளவையும் தெளிவுறாது. உயர்தர வகுப்புப் பௌதிகத்திலே வேலை என்னும் எண்ணக்கரு படும் பாடு இதற்குத் தக்க சான்றாகும். "செய்யப்பட்ட வேலை யாது?" என வினாத்தாள் கேட்கின்றது. மாணவனும் கண்ணிற்பட்ட விசையைக் கண்ணிற்பட்ட தூரத்தாற் பெருக்கி விடை எழுதிவிடுகின்றான். விடை பிழைத்தால் அவனையே குறை கூறுகின்றோம். அக்குறையில் ஒரு பங்கு வினாவிலேயே உளது என்பது எமது துணிபு.

வேலை என்பதற்குப் பௌதிகப் பொருளை வகுத்தவர் பிரான்சிய அறிஞர் கொரியோலிசு. பொறிகளின் பயனைக் கணித்தல் பற்றி 1829ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஒரு விசையையும் அவ்விசையின் திசையிற் பொருள் பெயர்ந்த தூரத்தையும் பெருக்கிவரும் கணியத்துக்கு அவர் அப்பெயரை இட்டார். இவ்வரையறைக்கு உயிர்நிலை 'அவ்விசை' என்னும் சுட்டே. விசை பலவாயின் வேலையும் பலவாம்.

கிடைத்தரையிலுள்ள 10 கிலோகிராம் திணிவுடைய பெட்டியொன்றை, கிடையுடன் 60 பாகை சாய்ந்த கயிற்றினால் 40 நியூற்றன் விசையோடு 5 மீற்றர் தூரம் இழுக்கின்றோம் என்க. உராய்வு விசை 12 நியூற்றன். கயிற்றின் இழுவை செய்த வேலை 40 × 5 × கோசைன் 60°, அதாவது 100 யூல். உராய்வு இயக்கத்தை எதிர்ப்பதால் அது செய்த வேலை −60 யூல். பெட்டியின் நிறையும் தரையின் செவ்வன் மறுதாக்கமும் பெயர்ச்சிக்குச் செங்குத்தாதலின், அவை செய்த வேலை பூச்சியம். யாவற்றையும் கூட்டின் 40 யூல்; பெட்டியின் இயக்கசத்தி பெருகிய அளவும் அதுவே. இனி, "செய்யப்பட்ட வேலை யாது?" என்பதற்கு 100, −60, 0, 40 என்னும் நான்கனுள் எது விடை? நான்கும் மெய்யே; வினாவே குறையுடைத்து.

இழுத்தவன் செய்த வேலையே கேட்கப்பட்டது என்பது வெளிப்படையன்றோ எனச் சிலர் கூறலாம். அவர்கள், வாளியும் நீருமாக 10 கிலோகிராம் திணிவைக் கிணற்றிலிருந்து சீரான வேகத்தில் 6 மீற்றர் உயர்த்துபவனை நோக்குவாராக. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்ளின், அவன் செய்த வேலை 600 யூல், புவியீர்ப்பு செய்தது −600 யூல், மொத்தம் பூச்சியம். வியர்வை சிந்தி நீர் அள்ளியவன் வேலையே செய்திலன் என மாணவன் மயங்குவது, எவ்விசையின் வேலை என நாம் பிரித்துக் காட்டாமையாலன்றோ?

வினை தரும் பொருள் ஆறனுள் நன்னூலார் செய்பவனையே முதலில் வைத்தார். செயப்பாட்டு வினையிலும் வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்றல் மரபு. அதனை நீக்கிய வினாவிலே வேலை எஞ்சுகின்றது. செய்தது எதுவென்பது மறைகின்றது. "கயிற்றின் இழுவை பெட்டிமீது செய்த வேலை யாது?" எனக் கேட்பின் இக்குறை இல்லை.

ஆசிரியர் செய்யவேண்டுவது சிறிதே. முதலில் விசைப்படம், பின்னர் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வரி, அவ்வரியில் அவ்விசையின் வேலை, குறியுடன், ஈற்றிற் கூட்டுத்தொகை. இப்பழக்கம் படியுமாயின், மறைக்குறி கண்டு மாணவன் அஞ்சான். சூத்திரத்தை மனனஞ் செய்தவனுக்கும் பௌதிகத்தை உணர்ந்தவனுக்கும் உள்ள வேற்றுமையை அந்நான்கு வரிகளே காட்டிவிடும்.