நீராவி எஞ்சின் நிர்மாணத்தில் மூன்று பாணிகள்

சங்கீதத்தில் பாணிகள் உண்டாயிருப்பதுபோலவே நீராவி எஞ்சின் நிர்மாணத்திலும் பாணிகள் தோன்றி வளர்ந்தன. 1829-ல் இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த ரயில் எஞ்சின் பரீட்சையில் ராபர்ட் ஸ்டீபன்ஸனின் ‘ராக்கெட்’ எஞ்சினுக்கு வெற்றி தேடித்தந்த இரண்டு அம்சங்கள், அதாவது பல குழாய்கள் ஊடுருவிச் செல்லும் கொதிகலனும், வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கியின் வழியே பீறிடச் செய்து அடுப்புக்குக் காற்றை இழுத்துக்கொள்ளும் உபாயமும், பிற்காலத்துப் பாணிகள் அனைத்துக்கும் பொது மூலதனமாக அமைந்தன.

இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் தொழிற்சாலையை மையமாகக் கொண்ட எஞ்சின் இலாகாவுக்கு 1902-ல் தலைமை ஏற்ற சர்ச்வர்ட், முன்புறம் ஒடுங்கிய கொதிகலன், சதுர அங்குலத்திற்கு 225 ராத்தல் அழுத்தம், நெடுந்தூரம் நகர்ந்து நீராவிக்குத் தாராளமாக வழிவிடும் வால்வுகள் ஆகியவற்றைத் தம் பாணியின் லக்ஷணங்களாக ஸ்தாபித்தார். அவ்வழியில் அவருக்குப் பின் வந்த காலெட் 1923-ல் படைத்த ‘காஸில்’ வகுப்பைச் சேர்ந்த எஞ்சின் ஒன்று, 1932-ல் ஸ்விண்டனிலிருந்து லண்டன் வரை 77 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தை 57 நிமிஷத்திற்குள் கடந்தது.

பிரெஞ்சுப் பாணியின் ஜீவநாடி சிக்கனம். உயர்ந்த அழுத்தமுள்ள சிலிண்டரில் உழைத்த நீராவியையே தாழ்ந்த அழுத்தமுள்ள சிலிண்டரிலும் மறுபடி உழைக்கச் செய்யும் ‘காம்பௌண்ட்’ முறையை டி க்ளேன் என்ற எஞ்சினியர் செம்மைப்படுத்த, பின்வந்த எஞ்சினியர் ஷாப்லான் 1929-ல் பழைய எஞ்சின் ஒன்றின் நீராவிப் பாதைகளை விசாலமாக்கி, புகைபோக்கியின் அமைப்பையும் திருத்தி, அதன் சக்தியை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர்த்தினார். ஆனால் இருவகைச் சிலிண்டர்களையும் தனித்தனியே அனுசரித்து ஓட்டவேண்டியிருந்ததால், இம்முறை டிரைவரிடமும் மிகுந்த பயிற்சியை எதிர்பார்த்தது.

இங்கிலாந்தின் டான்காஸ்டர் தொழிற்சாலையில் எஞ்சினியர் கிரஸ்லி வளர்த்த மூன்று சிலிண்டர் பாணியே உலகப் புகழை அதிகமாக அடைந்தது. 1928-ல் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ ரயில், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டருக்குள்ளேயே அமைத்த நடைவழியால் டிரைவரும் பயர்மேனும் இடையில் ஆள் மாறிக்கொள்ள, லண்டனிலிருந்து எடின்பரோ வரை 392 மைலையும் நிற்காமல் ஓடியது. 1938 ஜூலை 3-ல் கிரஸ்லியின் ‘மல்லார்ட்’ எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டியது.

இப்பாணிகளை எடைபோட வேகம் ஒன்றே உரைகல்லாகாது. அந்தச் சாதனை ஓட்டத்திலேயே ‘மல்லார்ட்’டின் நடுச் சிலிண்டருக்குரிய பேரிங் சூடேறிக் கெட்டுப்போயிற்று. அன்றாடம் இழுக்கும் பளுவுக்கு எவ்வளவு நிலக்கரி செலவாகிறது என்பதே மெய்யான அளவுகோல். அந்த அளவுகோலுக்குத் தலைவணங்கிய பெரியோர்கள் பிறரிடம் கற்கக் கூசவில்லை. சர்ச்வர்ட் 1903-ல் பிரெஞ்சு எஞ்சின் ஒன்றை விலைக்கு வாங்கித் தம் பாதையிலேயே ஓட்டிப் பார்த்து, காம்பௌண்ட் முறையை விலக்கி, நான்கு சிலிண்டர்களின் விசையை இரண்டு அச்சுகளுக்குப் பங்கிடும் முறையை மட்டும் ஏற்றார். 1925-ல் நடந்த ஒப்புப் பரீட்சையில் ஸ்விண்டன் எஞ்சின் தம் எஞ்சினைவிடக் குறைந்த நிலக்கரியில் வேலையை முடித்ததைக் கண்ட கிரஸ்லி, தம் வால்வுகளைத் திருத்தினார். பின்னர் ஷாப்லானின் புகைபோக்கி அமைப்பையும் கைக்கொண்டார். ஆகவே, 126 மைல் என்ற அந்தச் சாதனை டான்காஸ்டரின் பெயரில் பதிவாகியிருந்தாலும், அதில் ஸ்விண்டனுக்கும் பிரான்ஸுக்கும் பங்கு உண்டு என்பதே நியாயமான தீர்ப்பு.