ஏறிப் பார்க்க ஒரு கோபுரம்

செய்யாற்றுப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா போன வாரம் அம்பத்தூருக்கு வந்திருக்கிறார். கண் வைத்தியத்துக்காக வந்தவர். இரண்டு கண்ணிலும் அழுத்தம். பக்கத்துப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலை காப்பி சாப்பிடும்போது சித்தப்பா மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏம்பா, பட்டணத்துல அந்த உசரக் கட்டடம் இன்னும் இருக்குதா? ஒரு நாளு போயிட்டு வந்துடலாமா?" என்றார்.

வெளியூர் உறவினர் உயரமான கட்டடம் என்றால் எல்.ஐ.சி.யைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வது பட்டணவாசியின் வழக்கம். "இருக்கு சித்தப்பா. இப்போ மெட்ரோ ரயில்லயே போய் வாசல்ல இறங்கலாம்" என்றேன்.

"மவுண்ட் ரோட்டுதா? அதத்தான் சினிமாவுலயே பாத்தாச்சே. நான் கேக்கறது ஏறிப் பாக்கற டவரு. அண்ணா நகர்ல இருக்குதே, அது."

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பதில் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. சித்தப்பா விமரிசகர் அல்ல. பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கடைசல் யந்திரத்தில் நின்றவர். ஆனால் நம் சினிமாவையும் என் போன்றவர்கள் எழுதும் கதைகளையும் பற்றி அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்ட விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

எல்.ஐ.சி. கட்டடத்தின் பூர்வீகம் பலருக்குத் தெரிந்திருக்கும். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். 1954-ல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் தேசியமயமாயிற்று. 1959-ல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது அரசாங்கக் கார்ப்பரேஷனின் சொத்து. உயரம் 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்று பெயர். (தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல் என்பதை அப்போது யாரும் ஞாபகப்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.) 1975-ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடியும் சீராகி இன்றும் நிற்கிறது. கட்டடம் என்ற முறையில் எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. நேரான, கௌரவமான கட்டடம்.

மனத்தாங்கலெல்லாம் அதை நாம் உபயோகித்த விதத்தில்தான். கதாநாயகன் கிராமத்திலிருந்து கிளம்புகிறான், அடுத்த காட்சியில் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கடுத்து எல்.ஐ.சி. பட்டணம் வந்தாகிவிட்டது! அவன் எந்தத் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் படுக்கப்போகிறான், காலையில் எந்தக் குழாயடியில் முகம் கழுவப்போகிறான் என்பதைச் சொல்ல வேண்டிய சிரமம் டைரக்டருக்கு மிச்சம். மற்றவர்களைச் சொல்வானேன்? என் முதல் நாவலில் எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்கிய பையனை ஒரு காரணமும் இல்லாமல் மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய், அந்தக் கட்டடத்துக்கு எதிரில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்க வைத்தேன். தன்னை எறும்பாக உணர்ந்தான் என்று ஒரு வாக்கியம் வேறு. அவன் தங்கப்போவதோ கொரட்டூரில். கொரட்டூருக்கு அந்த நாவலில் நான் கொடுத்த இடம் இரண்டே பாராக்கள்.

எங்கள் மேற்குப் புறநகரங்களுக்கு எப்போதும் இதே கதிதான். 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, தேசமே சோஷலிஸ பாணியில் நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1965 முதல் அதே ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் செய்தார்கள். 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஷிப்டு மாறி ஷிப்டு, சைக்கிளிலும் ரயிலிலும் போய்வந்த இந்த ஊர்களை, பட்டணத்துக் கதைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். அசோகமித்திரன் 'தண்ணீர்' எழுதியபோது சென்னையைக் காட்ட அவருக்குக் கோபுரம் எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீருக்கு அலைகிற ஒரு தெரு போதுமாக இருந்தது. அது எப்படி முடிந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் அண்ணாந்து பார்க்காததால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணாந்து பார்ப்பது நமக்குப் பழக்கமான காரியம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது நம் வாக்கு. 1987-ல் கட்டி முடித்த ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. அதுவும் கீழே நின்று கும்பிடுவதற்குத்தான். மேலே போய் ஊரைப் பார்க்கிற உத்தேசத்தோடு நம் முன்னோர்கள் சாமானியனுக்குக் கோபுரம் கட்டியதில்லை. அந்த வகையில் எல்.ஐ.சி.யும் பழைய சம்பிரதாயத்தைச் சேர்ந்ததே. உள்ளே சீட்டு வைத்திருப்பவன் மேலே இருப்பான். நாம் எதிர்ப்புறத்துப் பிளாட்பாரத்தில் நிற்போம்.

ஏறிப் பார்க்கிற கோபுரம் பொருட்காட்சியோடு வந்த வழக்கம். பாரிஸில் 1889-ல் நடந்த பொருட்காட்சிக்காக ஈபெல் கோபுரம் கட்டினார்கள். அது எழும்புகிறபோதே, 1887-ல், எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து நகரத்தின் அழகைக் கெடுக்கிறது என்று பத்திரிகையில் கண்டனம் வெளியிட்டார்கள். மாப்பஸானும் அதில் கையெழுத்துப் போட்டவர். பின்னாளில் அவர் அந்தக் கோபுரத்து ஹோட்டலிலேயே அடிக்கடி சாப்பிட்டாராம். பாரிஸில் அந்தக் கோபுரம் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான் என்று காரணம் சொன்னாராம். இந்தக் கதையை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். மேலே ஏறியவனுக்குக் கோபுரம் தெரியாது, ஊர்தான் தெரியும். மாப்பஸான் கேலிக்குச் சொல்லியிருந்தாலும் ஏறிப் பார்க்கும் கோபுரத்துக்கு அதைவிட நல்ல மதிப்புரை கிடையாது. இருபது வருஷத்துக்குத்தான் அனுமதி என்று கட்டிய அந்தக் கோபுரம் கம்பியில்லாத் தந்திக்கு உபயோகப்பட்டதால் தப்பித்துக்கொண்டது.

நம் கோபுரமும் பொருட்காட்சிப் பிள்ளைதான். நடுவக்கரைக் கிராமத்தை எடுத்து, அண்ணா நகர் என்று ஊராக்கும் தருணத்தில் 1968-ல் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டியது இந்த 135 அடிக் கோபுரம். பன்னிரண்டு நிலை. என்ஜினீயர் விசுவேசுவரய்யாவின் பெயரை வைத்தார்கள். பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. டவர் என்றால் டவர்தான். மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். அழகு என்று சொல்ல மாட்டேன். எல்.ஐ.சி. பக்கத்தில் நிறுத்தினால் தோற்றத்தில் அதற்குத் தோல்விதான். யாரும் அதன் படத்தைப் போட்டு ஒரு கதையைத் தொடங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தப்பா அந்தப் பொருட்காட்சிக்குப் போனவர். அப்போது வயது இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஷிப்டு முடிந்து இரண்டு கூட்டாளிகளோடு பாடியிலிருந்து நடந்தே போனாராம். பொருட்காட்சியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். வெளிநாட்டு யந்திரங்கள், விளக்கு, கூட்டம் என்று பொதுவாகச் சொன்னார். அதெல்லாம் அவருக்கு மங்கிவிட்டது. மேலே ஏறியது மட்டும் மங்கவில்லை.

"மேல போய்ப் பாத்தா எங்க ஷெட்டு தெரிஞ்சுது. தீப்பெட்டி மாதிரி. தெனம் எட்டு மணி நேரம் உள்ள நிக்கறேன், வெளியேருந்து அத நான் பாத்ததே இல்ல. கூரை எப்பிடி இருக்கும்னே தெரியாது. அன்னிக்குத்தான் பாத்தேன். அந்தாண்ட ஏரி. அதுக்கப்புறம் ரயிலு. எல்லாம் ஒரே எடத்துல."

நான் என் கதாநாயகனுக்குச் செய்திருக்க வேண்டிய உபகாரம் இதுதான். அவனை எறும்பாக்கினேனே தவிர, அவன் குடியிருக்கும் இடத்தை அவனுக்கு ஒரு தரம் காட்டவில்லை.

ஏற்பாட்டுக்கு வருகிறேன். எண்பது வயதை ஒட்டியவரைக் கூட்டிக்கொண்டுபோகிறவன் முதலில் தானாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று, ஒரு நாள் காலையில் நான் மட்டும் போய் ஏறிவிட்டு வந்தேன். நடுவில் ரொம்ப நாள் இந்தக் கோபுரம் மூடிக் கிடந்தது. சில பேர் அங்கிருந்து விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டதால் 2011-ல் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் பழுது பார்த்து, சுவர்களில் சித்திரம் எழுதி, சுற்றிலும் இரும்புக் கம்பி அடித்துத் திறந்தார்கள். திறந்த புதிதில் கம்பியைப் பற்றி ஏளனமாக ஒரு குறிப்பு எழுதலாம் என்று நினைத்திருந்தேன். கூண்டுக்குள்ளிருந்து ஆகாயம் பார்ப்பது என்ற தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன். எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. கட்டினவர்களுக்கு, மேலே வருகிறவர்கள் எல்லோரும் ஊரைப் பார்க்கத்தான் வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை பொய்த்ததற்குக் கம்பியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு வருஷம் பூட்டியிருந்ததைவிடக் கம்பி எத்தனையோ மேல்.

ஏறுவது ருசியான அனுபவம். வழி சுற்றிச் சுற்றிப் போகிறது. முதல் சுற்றில் மரத்தின் அடி தெரிகிறது. அதே மரம் கொஞ்சம் கழித்துக் கிளையாக வருகிறது. இன்னும் மேலே போனால் அதன் தலையைப் பார்க்கிறோம். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற அம்மாள் மூன்று தரம் வந்தாள். மூன்றாவது தரம் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தெருவும் சேர்ந்து வந்தது. நல்ல நாவலாசிரியன் ஒரே சம்பவத்தை இப்படித்தான் திருப்பிக் காட்டுவான். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தள்ளி நின்று. மோசமான நாவலாசிரியன் லிப்டில் ஏற்றி நேரே உச்சியில் விட்டுவிடுவான்.

எனக்கே மூச்சு வாங்கிற்று. ஆறாவது நிலைக்கு மேல் சித்தப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கும் என்று தோன்றவில்லை. அதோடு, உச்சியில் நின்று மேற்கே பார்த்தபோது எனக்கு மரங்களும், அடுக்குமாடி வீடுகளும், அவற்றின் தலையில் தண்ணீர்த் தொட்டிகளும்தான் தெரிந்தன. பாடி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் பிடித்தது. ஷெட்டும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. நல்ல பார்வையுள்ள எனக்கே இப்படி.

இதை அவரிடம் சொல்லாமல் அழைத்துக்கொண்டு போவதா, சொல்லிவிடுவதா என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். மரம் வளர்ந்துவிட்டது, கட்டடங்கள் மறைக்கின்றன, கம்பி வேறு. பூங்காவில் பெஞ்சு இருக்கிறது, கீழேயே உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாக்கணும்னு தெரியாம பாத்திருப்ப" என்றார்.

சனிக்கிழமை போகிறோம். வில்லிவாக்கம் வரை ரயிலில் போய் ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை, பஸ்தான் வேண்டுமாம், பாடி வழியாகப் போகிற பஸ். ஜன்னலோரம் இடம் கிடைப்பதற்காகச் சீக்கிரமே கிளம்புகிறோம். காலை மருந்தைப் போட்டு அரைமணி கழித்துக் கிளம்பினால் கண் எரிச்சல் இருக்காது என்று அதையும் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று ஏறலாம், அவசரம் ஒன்றும் இல்லை என்று நேற்று இரவு மட்டும் இரண்டு தரம் சொல்லிவிட்டார்.