பக்கமும் பொருளும்: மும்பைச் சிறு பதிப்பக நூல்கள் மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கும் வினாக்கள்

1. முன்னுரை

மொழிபெயர்ப்புப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் சொல், தொடர், நடை, பண்பாட்டுக் குறிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. நூலின் பக்கம் அச்சகத்தாரின் பொறுப்பு எனக் கருதப்படுகிறது. பெரும்பான்மையான நூல்களுக்கு இக்கருத்துப் பொருந்தும். ஆயினும் கவிஞரே பக்கத்தை வடிவமைத்து, நண்பர்கள் நடத்தும் சிறு பதிப்பகத்தின் வழியே வெளியிட்ட நூல்களுக்கு இது பொருந்துவதில்லை. மும்பையில் உருவான அத்தகைய நூல்களுள் அருண் கோலட்கரின் படைப்புகளைச் சான்றாகக் கொண்டு, பக்கம் எப்போது பொருளாகிறது, எப்போது வெறும் அணியாக நிற்கிறது என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரை முயல்கிறது.

மேலைநாட்டுத் திறனாய்வாளர் ‘கலைஞர் நூல்’ என ஒரு வகையைச் சுட்டுவர். ஓவியங்களைத் தொகுத்துக் காட்டும் நூல் அன்று அது. நூல் என்னும் வடிவமே கலைப்படைப்பாக அமைவது. அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963இல் பெட்ரோல் நிலையங்களின் நிழற்படங்களைக் கொண்டு 400 படிகளில் வெளியிட்ட சிறு நூல் இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி கூறப்படும். கோலட்கரின் நூல்கள் முழுமையும் இவ்வகையின என்று கூற இயலாது. எனினும் அவற்றுட் சில இவ்வகையின் எல்லையைத் தொட்டு நிற்கின்றன.

2. பதிப்புச் சூழல்

1950களின் நடுவில் பம்பாயில் ‘சப்த’ என்னும் மராத்திச் சிற்றிதழ் சைக்ளோஸ்டைல் படிகளாக வெளிவந்தது. கோலட்கரும் திலீப் சித்ரேயும் அதனோடு தொடர்புடையோர். 1963இல் அசோக் சஹானே ‘அசோ’ என்னும் இதழைத் தொடங்கினார். தமிழில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கி 1970வரை நடத்திய காலத்தோடு இம்முயற்சிகள் ஒட்டி அமைவது ஈண்டு நினையத்தக்கது. வணிக இதழ்கள் ஏற்காத எழுத்துக்குத் தானே இடம் தேடிக்கொள்ளும் தேவையே இரு மொழிகளிலும் சிற்றிதழைப் பிறப்பித்தது.

1976இல் கோலட்கர், ஆதில் ஜஸ்ஸாவாலா, அர்விந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகிய நால்வரும் ‘கிளியரிங் ஹவுஸ்’ என்னும் கூட்டுறவு முறைப் பதிப்பகத்தை நிறுவி, ஆளுக்கொரு நூலாக நான்கு ஆங்கிலக் கவிதை நூல்களை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான ‘ஜெஜூரி’ 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. கோலட்கர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர்; விளம்பரத் துறையில் கலை இயக்குநராகப் புகழ் பெற்றவர். ஆகவே நூல்களின் வடிவமைப்பு அவர் கையிலேயே இருந்தது. 1984வரை இப்பதிப்பகம் வெளியிட்டவை எட்டு நூல்களே. அவருடைய மராத்தி நூல்களையும் பிற்கால ஆங்கில நூல்களையும் சஹானேயின் ‘பிராஸ் பிரகாஷன்’ வெளியிட்டது.

எட்டு நூல்கள் என்னும் எண்ணிக்கை சிறு பதிப்பகத்தின் வலிமையையும் மெலிவையும் ஒருங்கே காட்டுகிறது. எழுதுவோரும் வடிவமைப்போரும் பதிப்பிப்போரும் ஒருவரேயாகும்போது பக்கத்தின் மீது முழு உரிமை கிடைக்கிறது. நூல் வாசகரைச் சென்றடையும் வழியோ குறுகிவிடுகிறது.

3. மாற்றீட்டுச் சோதனை

மொழியியலில் ஓர் ஒலி ஒலியனா அன்றா என அறிய மாற்றீட்டுச் சோதனையைக் கையாள்கிறோம். ஓர் ஒலிக்கு ஈடாக மற்றொன்றை வைக்கும்போது பொருள் மாறினால் அது ஒலியன். இதே சோதனையைப் பக்கத்திற்கும் பயன்படுத்தலாம். அட்டையையோ தாளையோ மாற்றினால் நூலின் மதிப்புக் குறையலாம். கவிதையின் பொருள் மாறுவதில்லை. வரியின் இருப்பிடத்தை மாற்றும்போது பொருள் மாறுமானால், அந்த இருப்பிடமும் மொழிபெயர்க்கப்பட வேண்டிய கூறேயாகும்.

நம் சித்திரக்கவி மரபும் இச்சோதனைக்கு உரியதே. தண்டியலங்காரம் கூறும் நாகபந்தம், சக்கரபந்தம் முதலியவற்றில் பாம்பின் உடலோ சக்கரத்தின் ஆரமோ சந்திக்கும் இடத்தில் ஓர் எழுத்தே இரு சொற்களுக்கும் பொதுவாய் நிற்கும். ஆனால் ஓவியத்தை நீக்கினாலும் யாப்பமைந்த செய்யுள் எஞ்சும். மறைவது புலவரின் திறமே. கோலட்கரின் பக்கமோ அத்தகையதன்று.

4. சோளக் கொல்லைக் கோழிகள்

‘ஜெஜூரி’யில் கண்டோபா கோயிலூருக்கும் ரயில் நிலையத்திற்கும் இடைப்பட்ட வழியைப் பாடும் கவிதையில், சோளக் கொல்லையில் கோழிகள் துள்ளும் காட்சி வருகிறது. அவ்விடத்தில் மேலே, கீழே என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் வரி ஒழுங்கை விட்டுப் பக்கமெங்கும் எழுந்தும் விழுந்தும் கிடக்கின்றன. அவற்றை ஒரே வரியில் அடுக்கினால் துள்ளல் என்னும் செய்தி எஞ்சும், துள்ளல் எஞ்சாது. கோயிலினுள் காணாத உயிர்த்துடிப்பைக் கவிஞர் வயலில் காண்கிறார் என்னும் நூலின் மையக் கருத்து இப்பக்கத்தின் மீதே நிற்கிறது.

இதனைத் தமிழில் பெயர்க்கும்போது மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, ஆங்கில ‘அண்ட்’ தனிச்சொல். தனியே தாவ வல்லது. தமிழின் எண்ணும்மையோ ஒட்டி நிற்கும் இடைச்சொல். ‘உம்’ தனித்துத் துள்ளினால் வாசகருக்கு விளங்காது. இரண்டாவது, ‘மேலும் கீழும்’ என இணைந்து வரும்போது தெளிவாயிருக்கும் தொடரில், ‘மேலும்’ மட்டும் பக்கத்தின் ஒரு மூலையில் தனித்து நின்றால் ‘இன்னும்’ என்னும் பொருளைத் தந்து மயக்கும். ஆகவே உம்மையை விடுத்து ‘மேலே’, ‘கீழே’ என்று பெயர்ப்பதே தகும். மூன்றாவது, ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சிதறடிக்க இடமுண்டு. தமிழில் ‘லே’ என்பதன் கொம்பை லகரத்திலிருந்து பிரித்தால் எழுத்தே அழியும். எனவே தமிழ்ப் பக்கத்தில் சொல்லைச் சிதைப்பதற்கு மாறாக, முழுச் சொல்லின் உயரத்தையும் இடைவெளியையும் மாற்றியே துள்ளலைக் காட்ட வேண்டும்.

5. பேச்சு வழக்கும் மும்பைத் தமிழும்

பக்கத்தின் உரிமையோடு பேச்சின் உரிமையும் சிற்றிதழ்ச் சூழலில் கிடைத்தது. மேலாளரிடம் சம்பளம் கேட்கும் தொழிலாளி பேசுவதாக அமைந்த கோலட்கரின் கவிதை பம்பாய் இந்தியில் இயன்றது. அதனை அவரே ஆங்கிலமாக்கியபோது செவ்விய ஆங்கிலத்தை நாடாமல் அமெரிக்கக் கொச்சை வழக்கைக் கைக்கொண்டார். சொல்லுக்குச் சொல் தேடாமல், வழக்கின் சமூகத் தகுதிக்கு ஈடான வழக்கை அவர் தேடினார் எனலாம்.

தமிழில் அவ்வழக்கு எது? மும்பைத் தமிழர் ஒரே தமிழைப் பேசுவதில்லை. தாராவியில் நெல்லை வட்டாரத் தமிழ் இந்தியோடும் மராத்தியோடும் கலந்து வழங்குகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிக்கு வந்த குடும்பங்களின் தமிழ் வேறு சாயல் கொண்டது. அக்கவிதையில் சம்பளத்தைக் குறிக்க வரும் ‘பகார்’ போர்த்துக்கீசிய மூலமுடைய சொல். ‘ஊதியம்’ எனப் பெயர்த்தால் தொழிலாளி அலுவலராகிவிடுவார். ‘கூலி’ என்றால் தேதி குறித்துத் தரப்படும் மாதச் சம்பளம் என்னும் குறிப்பு மறையும். ‘பகார்’ என்றே விட்டால் தாராவி வாசகருக்கு எளிதாய்ப் புரியும். சென்னை வாசகருக்குச் சூழலால் விளங்கும். மூன்றாம் வழியே மூலத்திற்கு நெருங்கியது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

6. சொல்லற்ற நூல்

பிராஸ் பிரகாஷன் 2005இல், கவிஞர் மறைந்த மறு ஆண்டில், ‘போலீஸ்காரர்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அவருடைய நூலொன்றை வெளியிட்டது. பதின்மூன்று காட்சிகளாலாகிய சொல்லற்ற நாடகம் என்பது அதன் துணைத்தலைப்பு. கோலட்கர் நூல்களுள் கலைஞர் நூல் என்னும் பெயருக்கு முற்றிலும் உரியது இதுவே. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் தலைப்பைத் தவிர வேலையில்லை என்று தோன்றலாம். ஆனால் காட்சிகளின் வரிசையும் பக்கம் புரளும் இடமுமே இங்குத் தொடரியலாகின்றன. அவ்வமைப்பை மாற்றி அச்சிடும் பதிப்பு, ஒரு சொல்லும் பிழையாகாமலே பிழையான மொழிபெயர்ப்பாகிவிடும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் அட்டை, பக்கம், பேச்சு வழக்கு, வரிசைமுறை ஆகிய நான்கும் ஒரே தகுதி உடையன அல்ல என்பது புலனாகும். முதலாவதை மாற்றலாம், ஏனைய மூன்றையும் மொழிபெயர்க்க வேண்டும். பக்கத்தைப் போற்றுவோர் அனைத்து வடிவமைப்பையும் பொருள் எனக் கொள்வது மிகை. அனைத்தையும் அச்சகத்திற்கே விடுவது இழப்பு. தொகைநூல்களில் இடம் கருதி வரிகள் நெருக்கப்படும்போது நிகழும் இழப்பைப் பிழைதிருத்தும் கட்டத்தில் யாரும் பிழையாக எண்ணுவதில்லை. எனவே இத்தகைய நூல்களைத் தமிழாக்குவோர் கையெழுத்துப்படியை ஒப்படைத்ததும் தம் பணி முடிந்தது எனக் கருதாது, பக்கம் கோக்கும் கணினியின் அருகிலும் சிறிது நேரம் அமர வேண்டும். அவ்வுரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுவது மொழிபெயர்ப்பாளர் கடமை.