மேலே இருக்கட்டும் அந்த ஓட்டை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதல் காரியமாகக் கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவர் உச்சியில் இருக்கும் வென்டிலேட்டர்களை அடைக்கச் சொல்கிறார்கள். தூசி வருது, கொசு வருது, ஏ.சி. காத்து வெளியே போகுது. மூன்றும் உண்மைதான்.

ஆனால், மெட்ராஸ் டெரஸ் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சூடான காற்று மேலே ஏறும். வெளியேற வழி வேண்டும். அடைத்தால் ராத்திரி முழுக்க உங்களோடு குடித்தனம் நடத்தும். சுவரின் ஈரம் காயாமல் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும்.

ஸ்ப்ளிட் ஏ.சி. புதுக் காற்று தரும் என்று பலர் நம்புகிறார்கள். தராது. அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளிக்காற்றில் கார்பன்-டை-ஆக்ஸைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. இறுக்கச் சாத்திய அறையில் இரண்டு பேர் தூங்கினால், விடிவதற்குள் சுலபமாக 1,000 தாண்டிவிடும்.

படுக்கையறையைக்கூட மன்னிக்கலாம். சிமென்ட்டுக்குப் பதில் திறந்து மூடும் கண்ணாடியும் கொசுவலையும் போதும். கேஸ் கீசர் இருக்கும் குளியலறைக்கு மன்னிப்பே கிடையாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலை சுத்துதே என்று தாழ்ப்பாளைத் தேடும்போது கை வராது. கீசரையே வெளியே மாட்டுவது உத்தமம். அதுவரை வென்டிலேட்டரில் கைவைக்காதீர்கள்.

கொசுவுக்கு வலை அடிக்கலாம். இதுக்கு வலை கிடையாது.