பாட்டுத் திரட்டும் பாட்டின் பெயரும்

தேவாரப் பதிகங்களுள் 25 மட்டும் தேர்ந்து, எட்டுத் தலைப்புகளில் அடைத்தது அகத்தியர் தேவாரத் திரட்டு. குருவருளில் தொடங்கி அடிமையில் முடியும் அவ்வரிசை தற்செயலாய் அமைந்ததன்று. திருமுறையைப் பண்முறையில் வைத்திருப்பவரும் தலமுறையில் வைத்திருப்பவரும் அத்திரட்டைத் தத்தம் ஏட்டிலிருந்தே எடுத்து ஓதலாம். பதிகத்தின் முதற்குறிப்பும் தலமும் தெரிந்தால் போதும். எத்தனையாம் பக்கம் என்பது வேண்டுவதில்லை.

கணினியிலும் கைப்பேசியிலும் இன்று தொகுக்கப்படும் பாட்டுப் பட்டியல்களுக்கு இவ்வெளிய தகுதி உண்டா?

கடாரத்துத் திகாம் பத்து வட்டாரத்தில், தோட்டத்து வீட்டில் பெற்றோரும் கோலாலம்பூரில் மகளுமாகப் பிரிந்து வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தை பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிவைத்த பாடல்கள் ஒரு கணினியில், மகளுடையவை மற்றொன்றில். தம்பியின் திருமணத்திற்கென முப்பது பாடல்களை வரிசைப்படுத்தி மகள் அனுப்புகிறாள் என்க. பாடல்கள் இரண்டு வீட்டிலும் உள்ளன. ஆயினும் தந்தையின் கணினி வாய் திறப்பதில்லை. எம்.3.யூ. எனப்படும் பட்டியல் வகை, மகளின் கணினியில் அப்பாட்டு கிடக்கும் அறையையே சுட்டுகிறது. பெயரை உடன் எழுதியிருந்தாலும் கருவி தேடிச் செல்வது அறையைத்தான். தந்தையிடம் அந்த அறை இல்லை.

இக்குறை நீங்க 2004இல் எக்ஸ்.எஸ்.பி.எஃப். என்னும் அமைப்பு உருவாகத் தொடங்கியது. பாட்டின் பெயர், ஆக்கியோன், தொகுப்பு ஆகியவற்றை அதில் குறிக்கலாம்; பெறும் கருவி தன் நூலகத்துள் தேடிக்கொள்ளும். கருத்து நன்று. தமிழ்த் திரைப்பாட்டிடம் வரும்போதுதான் அது தடுமாறுகிறது.

ஆக்கியோன் யார்? 'பாவ மன்னிப்பு' (1961) படப் பாடலுக்கு ஒருவர் விசுவநாதன் – இராமமூர்த்தி என்பார், ஒருவர் டி.எம்.சௌந்தரராசன் என்பார், கவிஞரை மதிப்பவர் கண்ணதாசன் என்று எழுதுவார். மூவர் சொல்வதும் பிழையன்று. கருவிக்கோ மூன்றும் மூன்று பாட்டு. பெயரும் அப்படியே. நம் திரைப்பாட்டுக்குத் தனிப்பெயர் அரிது, முதற்சொற்களே பெயர். இரண்டு சொல்லோடு நிறுத்துவோரும் உண்டு, நான்கு எழுதுவோரும் உண்டு. அதனை ரோமன் எழுத்தில் எழுதிவிட்டாலோ ழகரம் படும் பாடு சொல்லி முடியாது! ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் 12 இடம் கொண்ட உலகக் குறியீடு வழங்குவதுண்டு. வீட்டில் நாடாவிலிருந்து மாற்றியவற்றில் அஃது இராது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரே முதலடியில், ஒரே பாடகர் குரலில், மகிழ்ச்சி வடிவமும் சோக வடிவமுமாய் இருமுறை வரும் பாடல்கள் நம் படங்களில் பல. பெயரை மட்டும் நம்பிய கருவி, மணவறையில் சோகத்தை ஒலிக்கவிடும்.

இலங்கை வானொலிக்கும் மலேசிய வானொலிக்கும் நேயர்கள் எழுதிய அஞ்சலட்டைகள் இவ்வகையில் சிறந்தவை. நிலையத்தின் எந்த அடுக்கில் எந்த இசைத்தட்டு உள்ளது என்பதைத் தோட்டத்து நேயர் அறியார். முதற்சொற்களையும் படத்தையும் பாடியவரையும் எழுதினார்; தட்டு கிடைத்தது. யார் யாருக்காக அப்பாட்டு என்பதையும் சேர்த்தே எழுதினார். பிறர் தொகுத்த பட்டியலைக் கேட்பவருக்கு முதலில் எழும் வினாவும் அதுவே: இப்பாட்டு ஏன் இங்கே வந்தது? அகத்தியர் திரட்டில் அதற்கு எட்டுத் தலைப்புகள் விடை தருகின்றன.

எக்ஸ்.எஸ்.பி.எஃப். அமைப்பிலும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்புரை எழுத இடம் விடப்பட்டிருக்கிறது. 'மகிழ்ச்சி வடிவம், தாத்தா வானொலிக்குக் கேட்டெழுதிய பாட்டு' என்று மகள் அங்கே எழுதிவிட்டால், கருவி கண்டெடுக்கத் தவறினாலும் தந்தை தம் ஒலிநாடாப் பெட்டியைத் திறந்து அதை எடுத்துவிடுவார்.